பலனை எதிர்பாராதே என்று யார் யாருக்குச் சொல்வது?

சென்னையிலுள்ள மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் துறைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் அடுத்தடுத்து மூன்று நிறுவனங்களில், மொத்தம் 19 ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். இப்போது 14 பேர் கொண்ட ஒரு டெஸ்டிங் குழுவுக்குப் பொறுப்பாளனாக இருக்கிறேன். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து கீதை பாராயணம் உண்டு. மார்கழியில் திருவாசகமும் உண்டு. எனவே அலுவலகத்தில் ஆன்மிக உரைகளே கூடாது என்று சொல்வதற்காக இந்த மடலை எழுதவில்லை. நீங்கள் அவற்றை நடத்தும் விதம், அந்த நூல்கள் சொல்வதற்கு நேர் எதிராகப் போய்விடுகிறது என்பதே என் முறையீடு.

நான் முன்பு பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, கீதை காட்டும் பணி வாழ்வு என்ற பொருளில் உரை ஏற்பாடாகியிருந்தது. அந்த வாரத்தில்தான் அப்ரைசல் கடிதங்கள் வந்திருந்தன. என் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஊதிய உயர்வு இல்லை. பேச வந்தவர் நல்ல குரல்வளம் உள்ளவர். ‘கடமையைச் செய், பலனை எதிர்பாராதே’ என்பதை எடுத்துக்கொண்டு, ஊதிய உயர்வும் ஒரு பலனே, அதில் பற்று வைப்பவன் துன்பப்படுவான் என்று ஒன்றரை மணி நேரம் விளக்கினார். கேள்விகளுக்கு நேரமில்லை என்று கூட்டம் முடிந்தது. அன்று இரவு ரிலீஸ், அதாவது மென்பொருளின் புதிய பதிப்பு வெளியீடு, இருந்ததால் நாங்கள் இரண்டு மணி வரை அங்கேயே இருந்தோம். தேநீர் எடுக்கப் போன இடத்தில், சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத ஒரு பெண் என்னிடம் கேட்டார்: “அண்ணா, அந்தச் சுலோகம் கம்பெனிக்கும் உண்டா? நம்ம வேலையோட பலனை அவங்களும் எதிர்பார்க்கக் கூடாதுதானே?”

நான் சிரித்துச் சமாளித்தேன். என் குழுவினரிடம் ‘பலனை எதிர்பாராதே’ என்ற அதே வாக்கியத்தை அதற்கு முன் பலமுறை சொன்னவன் நான் என்பதால், அந்தச் சிரிப்பு எனக்கே உறைத்தது. அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்து 47ஆம் சுலோகம், செயலில்தான் உனக்கு அதிகாரம், அதன் பலன்களில் இல்லை என்று தொடங்குகிறது. பலனைக் கருதிச் செயல்படுபவனாக ஆகிவிடாதே என்றும், செயலற்றிருப்பதிலும் பற்று வைக்காதே என்றும் முடிகிறது. பலன் நம் கைக்குள் அடங்காத பல காரணங்களைப் பொறுத்தது என்பதால், அதை நினைத்துக் கைகள் நடுங்காமல் செய்வதைச் செய் என்பது இதன் உட்பொருள். உனக்கு அதிகாரம் இல்லாத அந்தப் பலன் வேறொருவர் பெட்டிக்குள் போகட்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த அத்தியாயத்திலேயே (3:12), தனக்குக் கிடைத்தவற்றைத் திருப்பித் தராமல் தானே அனுபவிப்பவன் திருடனே என்று வருகிறது. அங்கே பேச்சு தேவர்களுக்குச் செய்யும் வேள்வியைப் பற்றியது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தனக்காக மட்டும் சமைப்பவர்கள் பாவத்தையே உண்கிறார்கள் என்று அதை அடுத்து வரும் சுலோகத்துக்கு உரை தேவையில்லை. உங்கள் உரையாளர்கள் 47ஐத் தாண்டி அந்தப் பக்கம் வந்ததை நான் இதுவரை கேட்டதில்லை.

இதைச் சொன்னவர் யார், எந்த இடத்திலிருந்து சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டும். கண்ணன் அர்ச்சுனனுக்கு எசமானன் அல்லன். அந்தக் களத்தில் அவனுக்குத் தேரோட்டி. அர்ச்சுனன் பலனைத் துறந்தால் அதில் கண்ணனுக்கு ஆதாயம் ஏதுமில்லை. கேட்பவனோ வாய் மூடிக் கேட்கவில்லை. சந்தேகம் வந்த இடமெல்லாம் மறித்துக் கேட்டான், நீ சொல்வது என்னைக் குழப்புகிறது என்றுகூடச் சொன்னான். எல்லாம் முடிந்து பதினெட்டாம் அத்தியாயத்தில், இதை முழுவதும் ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்றுதான் கண்ணன் விடுகிறான். ஊதியத்தை நிர்ணயிக்கும் தரப்பே ஆள் வைத்து, எல்லோருடைய மைக்கையும் அணைத்துவிட்டு, ஊதியத்தில் பற்று வேண்டாம் என்று சொல்ல வைக்கும்போது, சொற்கள் கீதையுடையவையாக இருந்தாலும் சொல்லும் முறை அதனுடையது அன்று. பற்றின்மை ஒருவர் தாமாக மேற்கொள்வது. ஒருவர் மற்றவர் மேல் சுமத்தும்போது அதன் பெயர் வேறு.

இரவுப் பணியைப் பற்றியும் அந்த நூலில் ஒரு சொல் இருக்கிறது. மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காமலே விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது ஆறாம் அத்தியாயம். ரிலீஸ் வாரத்தில் எங்கள் தளத்தில் யாருக்கும் யோகம் கைகூட வாய்ப்பில்லை.

இவ்வளவும் நூலைப் புரட்டி மடக்கிப் பேசுவதாகத் தோன்றினால், நம் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நூறு ஆண்டுகளுக்கு முன் பெரம்பூர் வட்டாரத்தில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு என்ற இருவர் அங்கே ஸ்ரீவேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற பக்திச் சபையை நடத்திவந்தனர். வேலை முடிந்த தொழிலாளர்கள் அங்கு சமயச் சொற்பொழிவு கேட்க வருவார்கள். வந்தவர்கள் பக்தியோடு தங்கள் பாடுகளையும் சேர்த்துப் பேசினார்கள்: சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, மேற்பார்வையாளர்கள் அடிக்கிறார்கள், கூலி கட்டுபடியாகவில்லை. சபை நடத்தியவர்கள், இதெல்லாம் பலன், பற்றை விடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. சைவ நூல்களில் தோய்ந்த திரு.வி.க.வையும் அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியாவையும் அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா அதன் தலைவர். இந்தியத் தொழிற்சங்க வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அதே ஆண்டு மார்ச்சில் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்களின் 35 விழுக்காட்டு ஊதிய உயர்வுக்காக உண்ணாநோன்பிருந்தவர் காந்தி. பின்னாளில் கீதையைக் குஜராத்தியில் பெயர்த்து, பற்றின்மையின் யோகம் என்று பொருள்படும்படி அனாசக்தி யோகம் என்ற பெயரைத் தந்தவரும் அவரே. பற்றின்மைக்கும் நியாயமான கூலிக்கும் இடையே அவர்களில் எவருக்கும் முரண் தெரியவில்லை. தனக்கென்று பற்றில்லாதவர்கள் என்பதால்தான் அவர்களால் அடுத்தவர் கூலிக்காக ஆலை முதலாளிகளின் எதிரே நிற்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

அந்தப் பெரம்பூர்ச் சபையும் நீங்கள் எங்களுக்கு நடத்துவதும் பெயரளவில் ஒரே வகைக் கூட்டங்கள்தாம். அங்கே கேட்க வந்தவர்களைப் பேச விட்டார்கள் என்பதே வேறுபாடு.

வேலை கொடுப்பவர்களுக்கென்றே நம் மரபில் பேசப்பட்டவை குறைவில்லை. இராசகிருகத்தில் சிகாலன் என்ற இளைஞன் காலையில் நனைந்த தலையோடு ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, புத்தர் அவனுக்கு அந்தத் திசைகள் உண்மையில் யார் யார் என்று விளக்குகிறார். தாய் தந்தையர் கிழக்கு, ஆசிரியர் தெற்கு என்று போய், பணியாட்களும் தொழிலாளர்களும் கீழ்த்திசை என்கிறார். அவர்களுக்கு எசமானன் செய்ய வேண்டியவை ஐந்து: வலிமைக்கேற்ற வேலை தருவது, உணவும் கூலியும் கொடுப்பது, நோயுற்றால் பார்த்துக்கொள்வது, அரிதாகக் கிடைக்கும் சுவையான உணவைப் பகிர்ந்துகொள்வது, உரிய காலத்தில் ஓய்வு விடுவது. இப்படிச் செய்தால் பணியாட்கள் தம் பங்குக்குச் செய்ய வேண்டிய ஐந்தையும் அவர் சொல்கிறார்; ஆனால் எசமானனின் கடமை முதலில் வருகிறது. நான்காவதைப் பாருங்கள். பண்டிகைக்கு வந்த இனிப்புப் பெட்டிகள் மேல்தளத்தோடு நின்றுவிடும் அலுவலகங்களில் இருந்தவன் என்ற முறையில், புத்தர் இதைக்கூட விடவில்லையே என்று வியந்தேன்.

வலிமைக்கேற்ற வேலை என்பதற்கு நம்மிடம் ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறள் இருக்கிறது. மயிலிறகுதானே என்று அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும். ‘சின்ன வேலைதான், இன்னிக்கே முடிச்சிடலாம்’ என்று மாலை ஆறரைக்கு வரும் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு மயிலிறகு.

யோகா தினத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025இல் ஜூன் 21 சனிக்கிழமை. எங்களுக்கு அது விடுமுறை நாள்; ஆனால் காலை ஏழு மணிக்கு வந்து நின்று படம் எடுத்துப் பதிவேற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டது. பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும் சரி, திருமூலரின் திருமந்திரத்திலும் சரி, யோகத்தின் எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது; முதலில் நிற்பது இயமம், அதாவது தீயவற்றை விலக்கும் ஒழுக்கம். இயமத்தில் நிற்பவன் யார் என்று சொல்லும் திருமூலர், கொல்லான், பொய் கூறான், களவு இலான் என்பவற்றோடு நடுச்செய்ய வல்லான், பகுத்துண்பான் என்பவற்றையும் சேர்க்கிறார். நடுவுநிலையும் பகிர்ந்துண்ணலும் உடலை வளைக்கத் தெரியாதவர்களாலும் செய்யக்கூடியவை. அதற்கு யாரையும் சனிக்கிழமை வரவழைக்கவும் வேண்டியதில்லை.

என் வேண்டுகோள்கள் பெரியவை அல்ல. இத்தகைய உரைகளை வேலை நேரத்துக்குள் வையுங்கள், வருகையை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள். ஊதியக் கடிதம் தரும் மாதத்தில், பலன் கருதாமல் செயல்படச் சொல்லும் கர்மயோகத்தைத் தொடாதீர்கள். பேசிய நேரத்தில் பாதியாவது கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். அர்ச்சுனனுக்குக் கிடைத்த அளவு எங்களுக்கும் கிடைக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, என்னைப் போன்ற குழுப் பொறுப்பாளர்களையும் எங்களுக்கு மேலே இருப்பவர்களையும் மட்டும் ஓர் அறையில் உட்காரவைத்து, சிகாலனுக்குச் சொன்ன அந்த ஐந்தையும் வாசிக்கச் செய்யுங்கள். பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது.

ஐந்தாவதை வாசிக்கும்போது என் பொருட்டு ஒன்றைப் பார்க்க வேண்டும். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள விபாசனா தியான மையத்தில் பத்து நாள் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. போகவும் வரவும் சேர்த்துப் பன்னிரண்டு நாட்கள் ஆகும். கட்டணம் கிடையாது, உள்ளே போகும்போது கைப்பேசியை ஒப்படைத்துவிட வேண்டும், பேசவும் கூடாது. மூச்சைக் கவனியுங்கள் என்று எங்களுக்கு மாதந்தோறும் இருபது நிமிட அமர்வு வைக்கும் அலுவலகத்தில்தான் இதற்கான விடுப்பைக் கேட்டிருக்கிறேன். சேமித்து வைத்த விடுப்பு 41 நாட்கள் இருக்கின்றன. மூன்று வாரங்களாக விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. நேற்று அதன் கீழே ஒரு குறிப்பு வந்திருந்தது: மடிக்கணினியை உடன் எடுத்துச் செல்ல இயலுமா?

இயலாது என்று இந்த மடல் வழியாகவே தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு குழுப் பொறுப்பாளன்
சோழிங்கநல்லூர்