ஊருணிக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகர வளர்ச்சி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை சென்னையையும் கோவையையும் தாண்டவில்லையே என்பதால் இந்தக் கடிதம். காரைக்குடி 2024-ல் மாநகராட்சியாகி, கோட்டையூரும் கண்டனூரும்கூட அதற்குள் வந்துவிட்டன. திரும்பிய பக்கமெல்லாம் பிளாட் விளம்பரம்தான்.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. அதனால்தான் ஊருக்கு ஊர் செம்புறாங்கல் படிக்கட்டோடு ஊருணி வெட்டினார்கள். கூரைச் சரிவுகள் சேரும் கூடல்வாயில் கொட்டும் மழையைக் கிடாரம் என்ற பெரிய பாத்திரத்தில் பிடித்தது போக, மிச்சம் முற்றம் வழியாகத் தெருவுக்கு வரும். தெருத் தண்ணீர் வரத்துக்கால் என்ற வாய்க்காலில் சேர்ந்து ஊருணிக்குப் போய்விடும். மழைநீர் சேகரிப்பு 2003-ல் சட்டமாவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே அது வீட்டு வழக்கம்.

எங்கள் பகுதி ஊருணிக்கு இப்போது நடைபாதை, கம்பி வேலி, எல்.இ.டி. விளக்கு எல்லாம் வந்தாயிற்று. காலையில் வாக்கிங் கூட்டம் (நானும் அதில் ஒருவன்). ஆனால் ஐப்பசியில் நல்ல மழை பெய்தும் அடிப் படிகள்தான் நனைந்தன. மேட்டுப் பக்கம் போய்ப் பார்த்தால் விஷயம் புரியும். வரத்துக்கால் இருந்த இடத்தில் கிராவல் கொட்டி மேடாக்கி, மனைக்கல் நட்டு, முகப்பில் ஆர்ச்சும் கட்டிவிட்டார்கள். தப்பித்த கொஞ்ச தூரத்தில் ஓடுவது சாக்கடை. திறந்தால் கழிவுநீர் வரும் என்று ஊருணிக்குத் தண்ணீர் நுழையும் வாயையே அடைத்துவிட்டார்கள். சரி, அப்புறம் மழைத்தண்ணீர் எந்த வழியாக வரும்?

அது தெருவில்தான் நிற்கிறது. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று அரசு 2021-லேயே சொல்லியும், மேலுக்கு மேல் போட்டு வருகிறார்கள். நாலு படி ஏறிப் போன வீடுகளுக்கு இன்று ஒரு படிதான் மிச்சம். அதிகாரிகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. முற்றத்துக்கு ஷீட் போட்டு, வாசலில் மண் தெரியாமல் பேவர் பிளாக் பதித்துவிட்டு, போர்வெல்லுக்கு இன்னும் ஆழம் போவது நாம்தான். காரைக்குடிக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பெருமை பேசும் ஊர் இது!

ஊருணியை அழகுபடுத்தும் பணத்தில் ஒரு பங்கை வரத்துக்காலை மீட்கச் செலவிடட்டும். கழிவுநீரைத் தனியே பிரிக்காமல் அது நடக்காது என்பதும் தெரிந்ததுதான். வருவாய்த் துறையின் கிராம வரைபடங்களில் எத்தனையோ வரத்துக்கால்கள் இன்னும் கோடாக இருக்கின்றன. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் முன் அந்த வரைபடத்தோடு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வார்டு வாரியாக அதன் நகலை மாநகராட்சி அலுவலகத்தில் ஒட்டினால், மனை வாங்குகிறவர்களும் முன்பணம் கொடுக்கும் முன் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி