சேகருக்கு, அந்த எலக்ட்ரோலக்ஸ் பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு லேசானது. தங்கச்சி தனியாளாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதற்கு நீ பட்ட கடன் பெரிது, அதை அவளிடம் வாய்விட்டுச் சொல். இங்கே பெரியவள் கொலம்பஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது, அதனால் சனி ஞாயிறு முழுக்க நான் கராஜில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அம்மாள் உனக்குக் கொடுத்துவிட்டுப் போன வாக்குவம் கிளீனரை முழுதாகப் புதுப்பித்துத் தர 400 டாலர் கேட்கிறார்களே, கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். விற்கிற எண்ணம் இருந்தால் கொடுக்காதே. போட்ட காசு திரும்பாது. முன்னால் குரோம் மூக்கு, உடம்பைச் சுற்றித் தோல் மாதிரி உறை, அடியில் சறுக்கிப் போக இரண்டு உலோகப் பட்டைகள், இதெல்லாம் பார்த்தால் அது எலக்ட்ரோலக்ஸ் மாடல் 30தான். மேலே ரோமன் எண்ணில் மூன்று எக்ஸ் இருக்கும். 1937இல் லுரெல் கில்ட் வடிவமைத்தது. அவ்வளவு அழகு, மியூசியங்களிலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஏராளமாக விற்றதால் இன்றைக்கும் பரண்களிலும் பேஸ்மென்ட்களிலும் நிறையக் கிடக்கிறது. கிடைப்பது சுலபம் என்னும்போது விலை எப்படி ஏறும்?

வைத்துக்கொண்டு ஓட்டப் போகிறாய் என்றால் கதையே வேறு. அப்போதும் 400 தேவையில்லை, உன் கை வேலைக்கு அதில் கால்வாசியில் முடித்துவிடலாம். மின்சாரம் போகிற இடத்திலும் சுழல்கிற இடத்திலும் மட்டும் செலவு செய், மற்றதைத் தொடாதே. முதலில் ஒயர். பிளக் பக்கத்தில் மெல்ல வளைத்துப் பார், ரப்பர் பொடியாக உதிரும். உடம்பு முழுக்க உலோகம், எர்த்தும் கிடையாது, அதனால் புது ஒயர் போடாமல் தயவுசெய்து பிளக்கைச் சொருகாதே. அடுத்தது மோட்டார் அச்சைத் தாங்கிச் சுழலவிடுகிற பேரிங். பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். அப்புறம் கார்பன் பிரஷ், அதாவது சுழல்கிற பகுதியில் உரசி மின்சாரம் கொடுக்கிற கரித்துண்டு. அதைக் கழற்றும்போது உள்ளே டார்ச் அடித்து கம்யூட்டேட்டரைப் பார், பிரஷ் உரசுகிற செம்பு வளையம் அது. செம்புப் பட்டைகள் சீராக, வழவழவென்று சாக்லேட் நிறத்தில் இருந்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அழுக்கு என்று நினைத்து அதைத் தேய்த்து எடுத்துவிடுகிறவர்கள் உண்டு, செய்யாதே, அந்தப் படலம்தான் பிரஷைக் காப்பாற்றுகிறது. ஒன்றிரண்டு பட்டைகள் மட்டும் கரிந்திருந்தாலோ, ஓடும்போது தீப்பொறி வட்டம் முழுக்கச் சுற்றினாலோ வைண்டிங், அதாவது மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பி, போயிருக்கலாம். அப்படியானால் புதுக் கம்பி சுற்றக் கொடுக்காதே. இறந்தவர்கள் வீட்டுச் சாமான்களை விற்கிற எஸ்டேட் சேலில் இன்னொரு பழைய மெஷினை வாங்கி அதன் மோட்டாரை எடுத்துப் போடுவதே மலிவு.

குரோம் பூச்சைப் புதிதாகப் போடலாம் என்று கடைக்காரர் சொன்னாராம், அதற்குத்தான் பாதிப் பணம். குரோமிய அமிலம் கடுமையான நஞ்சு, அதைக் கையாளுகிற கட்டுப்பாடுகளால் அந்த வேலையே விலை ஏறிக் கிடக்கிறது. ஈரத்துணியும் கொஞ்சம் மெட்டல் பாலிஷும் போதும். அந்த அம்மாள் வீட்டுக் கதவிலும் கட்டிலிலும் இடித்து விழுந்த கீறல்கள் அப்படியே இருக்கட்டுமே, சேகர், அதையெல்லாம் அழித்துவிட்டால் அது யாருடைய மெஷின் என்றே தெரியாமல் போய்விடும்.

நான் இதில் இவ்வளவு நேரம் போடுவதற்குக் காரணம், இந்த மெஷின்களை ஸ்க்ரூ டிரைவரால் திறக்க முடிகிறது என்பதுதான். செய்தவர்களே யாரோ ஒருநாள் திறந்து பழுது பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்துச் செய்திருக்கிறார்கள். நாங்கள் மூன்று வருடம் முன் வாங்கிய பிளாஸ்டிக் மெஷின் நின்றுபோனதும் திறக்க வழியே இல்லை, மோட்டாரும் தனியாகக் கிடைக்கவில்லை, குப்பைக்குப் போயிற்று. எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது. இங்கே எங்கள் ஒஹாயோவில் கேன்டன் ஊரில் ஒரு கடையைப் பெருக்கித் துடைக்கிற வேலையில் இருந்த ஜேம்ஸ் ஸ்பாங்ளர், தூசியால் ஆஸ்துமா படுத்துகிறதே என்று மின்விசிறி மோட்டார், தலையணை உறை, விளக்குமாற்றுக் குச்சி எல்லாம் சேர்த்து ஒரு மெஷின் செய்தார். 1908இல் காப்புரிமை வாங்கினார். தோல் பொருள்கள் செய்துகொண்டிருந்த ஹூவர் அதை வாங்கித்தான் கம்பெனியை வளர்த்தார். துடைப்பம் பிடித்த கையிலிருந்து வந்த பொருள் அது, அதைத் தூக்கி எறிய எனக்கு மனசு வருவதில்லை.

ஆனால் ஒன்று, ஆஸ்துமா என்றதும் நினைவு வருகிறது. மெஷினுக்குள் தூசி சேர்கிற பழைய பையில் நுண்ணிய தூசி நிற்காது, வெளியே வந்துவிடும். உள்ளே இருக்கிற பையை வெளியில் கொண்டுபோய்க் கழற்றிப் போட்டுவிடு, அம்மா இருக்கிற அறையில் இதை ஓட்டவே வேண்டாம். ஹாலுக்கும் காருக்கும் தாராளமாகப் போதும்.

ஒயர் மாற்றியதும் ஓடவிட்டு சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு, பேரிங்கா பிரஷ்ஷா என்று கேட்டுச் சொல்லிவிடுவேன். ஜூனில் டிட்ராய்ட் வருகிறோம், டூல்ஸை நானே கொண்டுவருகிறேன். அதுவரை அந்தக் கடைக்காரருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
ரவி