மூன்றாவது கீப்பர்

குன்னூர்,
நவம்பர் 9

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. முட்டி வலி தேவலையா? தங்கச்சியும் பேரப்பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே ஐப்பசி மழை விடுவதாக இல்லை. பர்லியார் பக்கம் மண் சரிந்து, இரண்டு நாள் பஸ்ஸெல்லாம் கோத்தகிரி வழியாகத்தான் ஓடின. பச்சைத்தேயிலை விலை பற்றிக் கேட்டிருந்தாய். அதை எழுத உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் மனசு கெடும், விடு.

இப்போது எழுதுவது என் தங்கை மகனைப் பற்றி. சென்னையில் ஒரு ஃபுட்பால் கிளப் அவனைக் கோல் கீப்பராக எடுத்திருக்கிறது என்று ஆனியில் எழுதியிருந்தேனே. ஒப்பந்தம், மாதச் சம்பளம், தங்க இடம், கீப்பர்களுக்கென்றே தனி கோச். நம் காலத்தில் நினைத்தும் பார்க்காத வசதி. ஆனால் அவன் அங்கே மூன்றாவது கீப்பர். போன நாளிலிருந்து ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. மேட்ச் லிஸ்டில் இரண்டு கீப்பர் பேர்தான் போடுகிறார்கள். இவன் கேலரியில் உட்கார்ந்து பார்க்கிறான்.

தீபாவளிக்கு வந்திருந்தான். ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து கையுறையை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தான். பிழியவில்லை, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தண்ணீரை எடுத்தான். அடுப்புக்கு மேலே கொடி இருக்கிறதே என்றேன். "சூட்டுல காயப்போட்டா லேடெக்ஸ் வெடிச்சுடும் மாமா, பிடிப்பே இருக்காது" என்று திண்ணைப் பக்கம் கொண்டுபோய் மாட்டினான். கிட்டத்தில் பார்த்தேன். மணிக்கட்டை ஒட்டிய இடம் இரண்டு கையிலும் உரிந்து, உள்ளே இருக்கும் துணி தெரிந்தது. ஒரு மேட்ச்கூட ஆடாத கையுறை, மாப்ள. தினமும் இரண்டு வேளை விழுந்து எழுந்தே அப்படித் தேய்ந்திருக்கிறது.

அப்போதுதான் வாயைத் திறந்தான். "இத்தாலி கீப்பர் பஃபோன் 17 வயசுல பார்மா கிளப்புக்காக மிலானுக்கு எதிரா இறங்கினார். கோலே விடல. எனக்கு இப்பவே 20. பேசாம மிலிட்டரிக்கு ஆள் எடுக்கறப்போ போயிடறேன்." தங்கையும் அதையேதான் சொல்கிறாள். அவள் மேல் தப்பில்லை, பெற்றவள்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1995-ல் இறங்கிய அதே பஃபோன் 2023 வரை, 45 வயசு வரை ஆடினார். இன்னொரு கீப்பர் டினோ ஸோஃப் 1982-ல் இத்தாலிக்குக் கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கியபோது அவருக்கு 40. ஃபார்வர்டுகள் 33-34 வயசில் ஓய்ந்துபோகிற ஆட்டத்தில் கீப்பருக்குக் காலம் நீளம். நம் குர்பிரீத் சிங் சந்துவையே எடுத்துக்கொள். 2014-ல் நார்வேயின் ஸ்டாபேக் கிளப்புக்குப் போனவரை லீக் ஆட்டத்தில் இறக்கியது 2016 மே மாதத்தில்தான். அடுத்த மாதமே யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் இறங்கினார். அந்தப் போட்டியில் ஆடிய முதல் இந்தியர் அவர்தான்.

கேட்டுக்கொண்டான். முகம் தெளியவில்லை.

மறுநாள் வெல்லிங்டன் பக்கம் நடத்திக் கூட்டிப்போனேன். பீட்டர் தங்கராஜ் கதையைச் சொன்னேன். ஹைதராபாத்தில் பிறந்து 1953-ல் பட்டாளத்தில் சேர்ந்தவர், வெல்லிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில் முதலில் சென்டர் ஃபார்வர்டாக ஆடினார். அப்புறம்தான் கோல் போஸ்டுக்குள் போனார். 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பை அந்த அணிக்கு வந்தது. 1960 ரோம் ஒலிம்பிக், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம், 1967-ல் அர்ஜுனா விருது. கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் கோல் காத்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும், உனக்குத் தெரியும். பையனும் நின்று கேட்டான். ஆனால் கடைசியில், "அவங்களுக்கெல்லாம் இறங்க ஒரு மேட்ச் கிடைச்சது மாமா" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் லெஃப்ட் பேக். எனக்கு இடமில்லாத நாளில் ஹாஃப் பேக்காகப் போட்டார்கள், கடைசி இருபது நிமிஷமாவது இறக்கினார்கள். கீப்பரை அடிபட்டால் ஒழிய யார் மாற்றப்போகிறார்கள்? அந்தக் கஷ்டம் உனக்குத்தான் தெரியும். கோவையில் அந்த மில் டீமில் மூன்று வருஷம் பெஞ்சில் இருந்தாயே. இறங்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் பத்து விரலுக்கும் டேப் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரிப்பாய். உரிக்கிற வரைக்கும் நான் உன்னோடு பேசமாட்டேன்.

சீனியருக்கு விரல் பிசகி நீ இறங்கிய அன்றைக்கு எதிரணிக்குக் கிடைத்த பெனால்டி ஞாபகம் இருக்கிறதா? அவன் அடிக்க ஓடி வரும் முன்பே நீ கால்வாசி அடி வலப்பக்கம் நகர்ந்து நின்றாய். பந்து அங்கேதான் வந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பிவிட்டாய். அதன் பிறகு ஆறு வருஷம் உன்னை யாரும் அந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை.

நீ அவனோடு பேச வேண்டும். ஆட்டம் மாறிவிட்டது, நான் என்ன சொல்ல என்று தட்டிக்கழிக்காதே. மாறித்தான் இருக்கிறது. நீ ஆடியபோது நான் பின்னால் தட்டிவிடும் பந்தைக் கையில் அள்ளிக்கொள்வாய். 1992-க்குப் பிறகு அது முடியாது, காலால்தான் ஆட வேண்டும். இப்போது எட்டு வினாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கை நன்றாக இருக்கிறது, இடது கால்தான் மந்தம் என்று இவனுடைய கோச் சொல்லியிருக்கிறாராம். இங்கே இருந்த நாலு நாளும் மழையில் தேயிலை ஃபேக்டரிச் சுவரில் இடது காலால் மட்டும் அடித்துக்கொண்டிருந்தான். விட்டுவிட்டு வர நினைக்கிறவன் அப்படி அடிப்பானா? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

அறிவுரை வேண்டாம். அது என்னிடமே அவனுக்கு நிறையக் கிடைத்துவிட்டது. அந்த மூன்று வருஷமும் பெஞ்சில் உட்கார்ந்து நீ எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று சொல். இத்தனை நாளில் நான் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவன் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். சாயங்காலப் பயிற்சி முடிந்து சாப்பிட எட்டு ஆகிவிடும். அதற்கு மேல் கூப்பிடு.

அன்புடன்,
உன் லெஃப்ட் பேக்