எந்த முகவரியில் நிற்கிறேன்?

அன்புள்ள முரளி,

தீபாவளிக்கு நீ போட்ட மெயிலுக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டு, ஆனால் படித்துவிட்டுத் திட்டு. அம்மா நலம். செல்வி பத்தாவது போய்விட்டாள்.

போன மாதம் சித்தப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் குமாருக்கு அனுப்பினேன். ஆபீஸ் மெயில் முகவரியிலிருந்து போய்விட்டது. அது எங்கள் குழு மொத்தமும் திறக்கிற பெட்டி. குமார் பதிலில் நோயின் பெயரையே எழுதிவிட்டான். சித்தப்பா சித்தியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தது அது. எனக்கு இன்னும் ஆறவில்லை, முரளி.

ஆபீஸ், சொந்தம், நம் சங்கம் என்று மூன்று மெயில் கணக்கு. இனி ஞாபகத்தை நம்பக்கூடாது என்று முடிவுசெய்து, நீ ஹாஸ்டலில் தலைகீழாய் நின்று புகழ்ந்த மட் (Mutt) என்ற மெயில் நிரலுக்கே வந்துவிட்டேன். சிரிக்காதே, அன்றைக்கே உன் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

எம்பிசிங்க் (mbsync) என்ற நிரல் மூன்று கணக்கின் மெயில்களையும் தனித்தனி ஃபோல்டரில் இறக்கிவைக்கிறது. அவற்றை மட் நிரலில் படிக்கிறேன். அனுப்புவது எம்எஸ்எம்டிபி (msmtp) என்ற இன்னொரு நிரல், அனுப்புநர் முகவரியைப் பார்த்து எந்தக் கணக்கு என்று அதுவே எடுத்துக்கொள்ளும். எனக்குப் பிடித்தது மட்டின் ஃபோல்டர்-ஹுக்தான், அதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்ததும் தானாக ஓடும் கட்டளை. எந்த ஃபோல்டருக்குள் நுழைகிறேனோ அதற்கேற்ற அனுப்புநர் முகவரியும் கையெழுத்தும் (மெயிலின் அடியில் வரும் பெயர் வரிகள்) தானாக வந்து உட்காருகின்றன.

ஆனால் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். சங்க ஃபோல்டருக்குள் போனால் முகவரி சரி, கையெழுத்து மட்டும் ஆபீஸுடையது. பாதி ராத்திரிவரை தேடினேன். ஹுக் ஒன்றை மாற்றிவிட்டால் ஃபோல்டரை விட்டு வெளியே வந்தாலும் பழையபடி ஆக்காது. இன்னொரு ஹுக் மாற்றும்வரை அப்படியே கிடக்கும். சங்கத்தின் ஹுக்கில் நான் கையெழுத்தே எழுதவில்லை, அதனால் முன்பு திறந்த ஆபீஸ் ஃபோல்டருடையதே நின்றுவிட்டது. அப்புறம் எல்லா ஃபோல்டருக்கும் பொருந்துகிற மாதிரி, வெறும் புள்ளி வைத்த ஹுக் ஒன்றை முதலில் போட்டு எல்லாவற்றையும் சொந்தக் கணக்குக்குத் திருப்பினேன். மற்ற மூன்றும் அதற்குக் கீழே. வரிசை மாறினால் பொது ஹுக் கடைசியில் வந்து எல்லாவற்றையும் அழித்துவிடும், ஜாக்கிரதை.

இப்போது அனுப்புவதற்கு ஒய் விசையைத் தட்டுமுன் திரையின் மேல் வரியில் என் முகவரியை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறேன். செல்வி வினோதமாகப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.

ஒரு குறைதான். மட் ஓடுகிற என் டெர்மினலில் (வெறும் எழுத்துகள் மட்டும் வரும் கட்டளைத் திரை) 'கொ' எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகிறது. உன் கடிதங்களை அப்படிப் படிக்க மனசு வரவில்லை. நீ எந்த டெர்மினல் வைத்திருக்கிறாய்? உன் மட் அமைப்புக் கோப்பையும் அனுப்பு, பாஸ்வேர்டை எடுத்துவிட்டு.

சித்தப்பாவுக்கு வியாழக்கிழமை மறுபடி ஸ்கேன். முடிந்தால் ஒரு போன் போடு, உன்னிடம் பேசினால் அவர் சிரிப்பார்.

அன்புடன்,
ரவி