அசோகா அக்காவுக்கு

அன்புள்ள கமலா,

நீ அனுப்பிய புத்தகக் கட்டு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வந்த அன்று போனில் சொன்னதோடு சரி. படித்துவிட்டு எழுது, போனில் வேண்டாம், போனில் நீ எல்லாவற்றுக்கும் "பார்ப்போம்" என்றுதான் சொல்வாய் என்று திட்டினாயே, அதனால் எழுதுகிறேன். பேரனுக்கு டாக்டர் 'வளர்ச்சித் தாமதம்' என்று எழுதிக் கொடுத்த நாளிலிருந்து உன் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, இந்த மூன்றில் எதை அவள் கையில் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். முப்பத்தொரு வருஷம் இங்கிலீஷ் டீச்சராகக் குப்பை கொட்டியவள் என்பதற்காகக் கேட்டாயா, தம்பியோடு இருப்பவள் என்பதற்காகக் கேட்டாயா தெரியவில்லை.

முதலில் ஊர்ச் சேதி. இந்த வருஷம் ஜூன் 12ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். எங்கள் வாய்க்காலுக்கு முந்தாநாள் சாயந்திரம் தண்ணீர் வந்தது. வந்து சொன்னது தம்பிதான். "அக்கா, தண்ணி வந்துட்டு" என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். முழங்கால் வரை சேறு. தண்ணீர் வந்ததை முதலில் சொல்லும் உரிமை முப்பது வருஷமாக இந்த ஊரில் அவனுடையது. யாராவது முந்திக்கொண்டால் இரண்டு நாள் அவர்கள் வீட்டுப் பக்கம் போக மாட்டான். அதனால் தெரிந்தவர்களும் தெரியாத மாதிரி "அப்படியா தம்பி!" என்பார்கள். போன வருஷம் ஜூலை 28தான் அணையைத் திறந்தார்கள். அந்த இரண்டு மாதமும் காலையில் காப்பி குடித்ததும் மதகில் போய் உட்கார்ந்துவிடுவான். அணையில் தண்ணீர் இல்லை என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது? நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று சொல்லி எனக்கு வெறுத்துப்போயிற்று. அவனுக்கு வெறுக்கவில்லை.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன்.

பெர்ல் பக் எழுதிய 'தி சைல்ட் ஹூ நெவர் குரூ'வை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டேன். ஹாஸ்டலில் அவருடைய 'தி குட் எர்த்' ஒரே பிரதி, அட்டை கிழிந்தது, மாற்றி மாற்றிப் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதில் வாங் லுங்கின் மூத்த மகள், வாய் பேசாமல் வெயிலில் உட்கார்ந்து ஒரு துணித் துண்டை முறுக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே இருப்பாள். அந்தப் பக்கங்களை நான் வேகமாகத் தள்ளியிருக்கிறேன். வீட்டில் தம்பி அதே மாதிரி அப்பாவின் துண்டை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம் அது. உனக்கே நான் மூன்றாம் வருஷம்தான் சொன்னேன். பெர்ல் பக்கின் மகள் 1920இல் பிறந்தவள். 1931இல் வந்த நாவலில் அந்தச் சாயலில் ஒரு பெண்ணை வைத்தவர், தன் மகளைப் பற்றி வெளியில் எழுதியது 1950இல். நோபல் பரிசே 1938இல் வாங்கியாயிற்று. அவ்வளவு பெரிய எழுத்துக்காரிக்கே முப்பது வருஷம் பிடித்தது, எனக்கு மூன்று வருஷம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த மகளுக்கு இருந்தது பினைல்கீட்டோனூரியா. புரதத்தில் உள்ள ஒரு பொருளை உடம்பு செரிக்க முடியாமல் அது ரத்தத்தில் சேர்ந்து சேர்ந்து மூளையைக் கெடுத்துவிடும். 1934இல்தான் நார்வே நாட்டு டாக்டர் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். இரண்டு பிள்ளைகளோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த ஒரு தாயின் பிடிவாதம்தான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. இன்றைக்கு, பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினால் மூளையைக் காப்பாற்றிவிடலாம். தாய், தகப்பன் இருவரிடமும் அந்தக் கோளாறு மறைந்திருந்தால்தான் பிள்ளைக்கு வரும். இதைப் படித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அம்மா அப்பாவுக்கு அக்கா மகள். சொந்தத்தில் கட்டினால் இந்த மாதிரி மறைந்திருப்பவை ஒன்று சேர வாய்ப்பு கூடுதல் என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தம்பிக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. யாரும் சோதித்ததே இல்லை. பிறந்ததும் அழவில்லை என்று மருத்துவச்சி சொன்னாளாம், எங்களுக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான். அப்புறம் குணசீலம் பெருமாள் கோயிலில் அம்மா நாற்பத்தெட்டு நாள் அவனோடு தங்கினாள். அங்கே வருகிறவர்கள் மனநோய்க்காக வருகிறவர்கள், இவனுக்கு இருப்பது வேறு என்று அம்மாவுக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

எனக்குப் பிடிக்காதது அந்தப் புத்தகத்தின் தலைப்பு. வளராத குழந்தையாம். ஊரும் இதைத்தானே சொல்கிறது? தம்பிக்கு ஐம்பத்து நாலு வயது. பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அவனைத் தம்பி என்கிறார்கள், பள்ளிக்கூடப் பையன்களும் தம்பி என்கிறார்கள். ஆனால் அவன் வளர்ந்துதான் இருக்கிறான். மீசை நரைத்துவிட்டது. சர்க்கரை வந்து மூன்று வருஷம். போன கார்த்திகையில் மூன்று நாள் சோற்றைத் தொடாமல் கன்னத்தில் துண்டை அழுத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். கேட்டால் "சோறு கெட்டது" என்றான். புதுச் சோறு வடித்துப் போட்டேன், அதுவும் கெட்டதாம். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல் சீழ் வைத்திருக்கிறது. பல் டாக்டர் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து "இவருக்கு எத்தனை நாளாக வலி?" என்று கேட்டார். அவனிடம் கேளுங்கள் என்றேன். அவன் யோசித்து, "தீவாளிலேந்து" என்றான். நான் மூன்று நாள் என்று நினைத்திருந்தேன்.

இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, கமலா. நீ அனுப்பியதில் மட்டும் சொல்லவில்லை, இதற்கு முன் நான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்துத்தான். பெரும்பாலும் பெற்றவர்கள் எழுதியவை. பிள்ளை பிறக்கும், டாக்டர் சொல்வார், தாய் அழுவாள், பிறகு மெல்லத் தேறுவாள். பிள்ளைக்கு இருபது வயது ஆவதற்குள் புத்தகம் முடிந்துவிடும். பல் வலிக்கும் ஐம்பது வயது ஆணும், அவனுக்குப் பல் தேய்த்துவிடும் அறுபத்திரண்டு வயது அக்காவும் அந்தப் பக்கங்களுக்குள் வருவதே இல்லை.

ஜப்பானிய எழுத்தாளர் ஓயே கென்சாபுரோவின் 'எ பெர்சனல் மேட்டர்' நாவலை உன் மகளிடம் இப்போது கொடுக்காதே. தயவுசெய்து கொடுக்காதே. 1963இல் அவருக்கு மண்டையோட்டில் கோளாறோடு ஒரு மகன் பிறந்தான். அடுத்த வருஷமே எழுதிய நாவல். அதில் வரும் அப்பன் குழந்தை செத்துப்போகட்டும் என்று காத்துக்கொண்டிருப்பான். அதை அவ்வளவு பச்சையாக எழுத ஒரு தைரியம் வேண்டும், எனக்கு அந்த மனுஷன் மேல் மரியாதை கூடத்தான் செய்தது. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பெண் படிக்க வேண்டியது இல்லை அது. அவள் மனதுக்குள் அப்படி ஒரு நினைப்பு ஒரு நொடி வந்து போயிருந்தால், புத்தகத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த மகனின் கதை பிறகு எல்லோருக்கும் தெரியும். பேசாமல் இருந்த பையன், பறவைக் குரல்கள் பதிவு செய்த இசைத்தட்டையே கேட்டுக்கொண்டிருப்பானாம். ஆறு வயது வாக்கில், மலை வீட்டில் ஒரு பறவை கூவியதும், தட்டில் பேசும் அறிவிப்பாளர் குரலிலேயே அதன் பெயரைச் சொன்னானாம். நம் கானாங்கோழி ஜாதிப் பறவைதான். பிறகு இசையமைப்பாளனாகவே ஆகிவிட்டான். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கேட்ட ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைக்குள் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று தோண்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். என் கூட வேலை பார்த்த டீச்சர்கள் எத்தனை பேர், "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு ஏதாவது ஒரு வித்தை இருக்குமே, தம்பிக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள் தெரியுமா? எங்கள் வாய்க்கால் கரையிலும் விடியற்காலையில் கானாங்கோழி கத்தும். தம்பி காதைப் பொத்திக்கொண்டு புரண்டு படுப்பான். அவனுக்கு ஒரு வித்தையும் கிடையாது. தண்ணீர் வந்தால் சொல்வான், அதைத்தான் மேலே எழுதினேனே.

மூன்றாவது, ஹென்றி நௌவனின் 'ஆடம்'. இதைத்தான் மெதுவாகப் படித்தேன். ஹார்வர்டில், யேலில் எல்லாம் பாடம் நடத்திய பாதிரியார் வேலையை விட்டுவிட்டுக் கனடாவில் டொராண்டோ பக்கத்தில், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் வாழும் ஒரு 'லார்ஷ்' இல்லத்துக்குப் போகிறார். ஆடம் என்ற இளைஞனைக் காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, சவரம் செய்து, சாப்பாடு கொடுக்க வேண்டும். பேச முடியாது, வலிப்பு வேறு. இந்த வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆகுமாம். பெரிய பெரிய கூட்டங்களில் பேசியவர், இவனைக் கீழே போட்டுவிடுவோமோ என்று பயப்படுகிறார். அந்தப் பயம் உண்மை. ஆனால் போகப் போக ஆடம் அவருக்கு குரு ஆகிவிடுகிறான், கிட்டத்தட்ட ஏசுநாதரே ஆகிவிடுகிறான். அங்கே நான் கழன்றுகொண்டேன். இங்கே தெய்வக் குழந்தை என்று சொல்லித் தம்பி காலில் விழுந்து திருநீறு கேட்டவர்களையும் எனக்குத் தெரியும், அவன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போனவர்களையும் தெரியும். இரண்டு தரப்பிலும் ஒரே அம்மாள் ஒருத்தி உண்டு.

அந்த 'லார்ஷ்' இல்லங்களை 1964இல் பிரான்ஸில் தொடங்கியவர் ழான் வனியே. நம் நாட்டில் 'ஆஷா நிகேதன்' என்ற பெயரில் 1970இல் பெங்களூரில் ஆரம்பித்தார்கள், சென்னையிலும் உண்டு. வனியே 2019இல் இறந்தார். அடுத்த வருஷமே அந்த அமைப்பே விசாரணை வைத்து, அவர் தன்னை நம்பி வந்த பெண்களிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தார் என்று அறிக்கை வெளியிட்டது. மகான் என்று ஒருவரைத் தூக்கி வைக்கும்போது என் வயிற்றில் ஏதோ செய்வது இதனால்தான். ஆனால் இல்லங்களில் காலையில் யாரோ யாருக்கோ சவரம் செய்துகொண்டுதான் இருப்பார்கள்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை அது என் வேலை. பழைய பார்பர் இருந்தவரை அவர் பார்த்துக்கொண்டார். புதுக் கடையில் பையன்கள் இவனை ஆட வைத்து போனில் படம் எடுத்தார்கள் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். திண்ணையில் முக்காலி போட்டு உட்கார வைப்பேன். கண்ணாடியை அவன்தான் பிடிப்பான். கத்தி கன்னத்துக்கு வரும்போது நான் சொல்லாமலே நாக்கால் உள்ளிருந்து கன்னத்தை முட்டுக் கொடுப்பான். தாடைக்கு வந்தால் அண்ணாந்துகொள்வான். மீசையில் மட்டும் கை வைக்கக் கூடாது. எட்டாம் நம்பர் டவுன் பஸ் கண்டக்டர் மீசை அது. சோப்பு நுரை என் கையில் பட்டால் அவன் துண்டால் துடைத்துவிடுவான்.

'தி குட் எர்த்'தில் வாங் லுங் வயதான காலத்தில் அந்த மூத்த மகளுக்காக ஒரு பொட்டலம் விஷம் எடுத்து வைத்திருப்பான், ஞாபகம் வந்ததா? தனக்குப் பிறகு யாரும் சோறு போட மாட்டார்கள் என்று. அதை அவனிடமிருந்து வாங்கிக்கொண்ட அவனுடைய இளம் துணைவி, மகளுக்குக் கொடுக்காமல் தானே அவளைப் பார்த்துக்கொள்வாள். எங்கள் அம்மா விஷம் வைக்கவில்லை. தினம் விளக்கு ஏற்றும்போது, "எனக்கு ஒரு நாள் முன்னாடி இவனைக் கூப்பிட்டுக்கோ" என்று வாய்விட்டு வேண்டிக்கொள்வாள், அவன் பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருப்பான். அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. எனக்குப் பிறகு என்ன என்று நீ கேட்பாய். என் மகன் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் நேர்மை என்று எனக்குத் தோன்றுகிறது. கும்பகோணம் பக்கம் இரண்டு இல்லங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றில் சாப்பாடு நன்றாக இருந்தது, கதவு வெளியே பூட்டியிருந்தது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உன் மகளுக்கு முதலில் புத்தகமே வேண்டாம் என்பேன். பிள்ளைக்குக் காது பரிசோதனை, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்றா என்று கேள். காது கேட்காததைக்கூட மந்தம் என்று நினைத்துவிடுவார்கள். அப்புறம் லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் 'எழுதாப் பயணம்' வாங்கிக் கொடு. ஆட்டிசம் உள்ள மகனை வளர்க்கும் ஒரு தாய் தமிழிலேயே எழுதியது. ஆட்டிசம் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு, உன் பேரனுக்கு எது என்று இன்னும் தெரியாது, இருந்தாலும் நம் ஊரில் பிள்ளை வளர்க்கும் ஒருத்தியின் குரல் கேட்கும். 'ஆடம்' ஒரு வருஷம் கழித்து. பெர்ல் பக்கை நானே வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் மாப்பிள்ளை காதில் இப்போதே போட்டுவை. பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால், பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி காப்பாளர் என்று தனியாக நியமனம் வாங்க வேண்டும். 1999ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டம், மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு. எனக்குத் தெரியாமல் போய், அம்மா செத்த பிறகு ஒரு பாங்கில் தம்பி கணக்குக்காக எட்டு மாதம் அலைந்தேன். மேனேஜர் ஒவ்வொரு தடவையும் "அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்பார். அவன் சந்தோஷமாகப் பேனாவை வாங்கிப் படிவம் முழுக்கக் கோடு போடுவான்.

நான் எழுதுவதைப் பார்த்து இப்போது பக்கத்தில் வந்து நிற்கிறான். யாருக்கு என்றான். கமலா என்றால் தெரியாது. திருவையாற்றிலிருந்து முதல் தடவை வந்தபோது நீ அசோகா அல்வாவை வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்தாயே, அதனால் நீ அவனுக்கு நாற்பது வருஷமாக அசோகா அக்கா. "அசோகா அக்கா எப்ப வரும்?" என்கிறான். ஆடியில் வருவதாகச் சொல்லியிருக்கிறேன், வந்துவிடு. அவனுக்குச் சர்க்கரை இருநூற்றுக்கு மேல் இருக்கிறது, அசோகா கொண்டுவராதே. வெறுங்கையோடு வந்தாலும் பையைத் திறந்து பார்ப்பான். ஒரே ஒரு கரண்டி அளவு, இலையில் கட்டி எடுத்துக்கொண்டு வா.

உன்
சரோஜா