பாட்டிலில் கோடு போட்டவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

புற்றுநோயால் நெஞ்சில் நீர் கோத்து, நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறவர்களுக்கு, விலா எலும்புகளுக்கு நடுவே ஒன்றிரண்டு துளை போட்டு, கேமரா விட்டு, நீரை எடுத்து, நுரையீரல் விலாச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நீர் சேர இடமில்லாமல் போக டால்க் என்ற பொடியைத் தூவுகிறோம். ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. அந்த நீர் திரும்பச் சேருமா சேராதா என்பது அடுத்த மூன்று நான்கு நாளில் ஓரளவு தெரியத் தொடங்கும். அந்த நாட்களைத் தாங்கியவர்களுக்கு அறுவை சிகிச்சைக் குழுவின் நன்றி இது.

முதலில், நீரில் உள்ள செல்களைப் பரிசோதிக்கும் சைட்டாலஜி ஆய்வகத்தாருக்கு. இத்தகைய நோயாளிகளில் சுமார் 10 பேரில் 6 பேருக்குத்தான் ஊசியில் எடுத்த நீரிலேயே புற்றணு தெரியும். நாங்கள் அனுப்பும் 50 மில்லியைப் பார்த்து ஒரு வரி எழுதியதோடு விடாமல், மிச்சத்தைச் சுழற்றி, படிவை மெழுகில் பதித்து செல் பிளாக் செய்து வைக்கிறீர்கள். நோய் தொடங்கியது மார்பகத்திலா நுரையீரலிலா, எந்த மருந்து கேட்கும் என்பதெல்லாம் பல சமயம் அதிலிருந்துதான் கிடைக்கிறது.

மயக்க மருத்துவர்களே, ஒரு நுரையீரலை மட்டும் ஊதி, மற்றதைச் சுருங்க விட்டு எங்களுக்கு இடம் தருகிறீர்கள். கடைசியில் அதை நீங்கள் மெல்ல விரித்துக் காட்டும் அந்த ஒரு நிமிடத்தை நம்பித்தான் எங்கள் முடிவு இருக்கிறது. விரிந்து விலாச் சுவரைத் தொட்டால் 4 கிராம் டால்க் தூவலாம். தடித்த படலம் மூடி, விரிய விடாமல் பிடித்திருந்தால் தூவிப் பயனில்லை. இரண்டு பரப்பும் தொட்டால்தான் ஒட்டும். அப்போது வீட்டிலேயே வடிக்கும் மெல்லிய குழாயை வைத்து முடிக்கிறோம். மருந்துக் கிடங்கில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நுண்துகள் நீக்கிய டால்க் மட்டுமே வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக நிற்பது மிகச் சரி. மிக நுண்ணிய துகள் ரத்தத்தில் கலந்து நல்ல நுரையீரலையும் கெடுத்துவிடக்கூடும்.

வார்டு சிஸ்டர்களுக்குத்தான் பெரிய கடன். நோயாளி வந்து இறங்கியதும், நெஞ்சில் வைத்த குழாய் வழியே நீர் வடியும் டிரெய்ன் பாட்டிலில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, மட்டத்தில் கோடு கிழித்து, மணி எழுதுகிறீர்கள். 24 மணி நேரத்தில் வடிவது 150 மில்லிக்குக் கீழே போனால்தான் குழாயை எடுப்போம். அந்தக் கோடு இல்லாவிட்டால் நாங்கள் குருட்டாம்போக்கில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். பாட்டிலில் தண்ணீருக்குள் 2 செ.மீ. மூழ்கிய குழாயில் மட்டம் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். ஆடாவிட்டால் உடனே போர்வையைத் தூக்கிப் பார்க்கிறீர்கள். பல நேரம் நோயாளி குழாயின் மேலேயே படுத்திருப்பார். அப்படி இல்லையென்றால் அடைப்பா, நுரையீரல் முழுதாக விரிந்ததாலா என்று எக்ஸ்ரே சொல்லும். சக்‌ஷனை (உறிஞ்சும் விசையை) எடுத்த எடுப்பில் 20 செ.மீ. நீரழுத்தத்துக்கு வைக்காமல் படிப்படியாக ஏற்றுகிறீர்கள். வாரக்கணக்கில் சுருங்கிக் கிடந்த நுரையீரலைச் சட்டென்று இழுத்தால் அதற்குள்ளேயே நீர் கசியும். அன்றிரவு காய்ச்சல் 101 வரை போகும், வீட்டார் பதறுவார்கள். டால்க் கிளப்பிய அழற்சி அது, அந்த அழற்சிதான் ஒட்டவைக்கிறது என்று பொறுமையாகச் சொல்கிறீர்கள். இரண்டு நாள் தாண்டியும் இறங்காவிட்டால் சீழாக இருக்குமோ என்று எங்களை எழுப்பவும் தயங்குவதில்லை.

ஸ்டிரெச்சர் தள்ளும் அண்ணன்களே, எக்ஸ்ரேவுக்குப் போகும் வழியில் பாட்டிலை நோயாளியின் மடியில் வைக்காமல் தாழ்வாகவே பிடித்து வருகிறீர்கள். மேலே தூக்கினால் வடிந்தது திரும்ப உள்ளே ஓடும். வசதிக்காகக் குழாயைக் கிளாம்ப் போடச் சொன்னவர்களிடம் முடியாது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். காற்று கசிந்துகொண்டிருக்கும்போது அடைத்தால் அது உள்ளே தேங்கி இதயத்தை நெருக்கும்.

மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை ஊதக் கூடாது, மூச்சை இழுக்க வேண்டும் என்று ஒவ்வொரு கட்டிலிலும் சலிக்காமல் சொல்லும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் நன்றி.

குழாயோடு வீட்டுக்குப் போனவர்களின் குடும்பத்தாரே, ஒன்றுவிட்டு ஒரு நாள் கை கழுவி, வடித்து, நெஞ்சு வலியோ இருமலோ வந்தால் அத்தோடு நிறுத்தி, அளவை நோட்டில் எழுதுகிறீர்கள். தொடர்ந்து மூன்று முறை 50 மில்லிக்குக் குறைவாக வந்ததென்று அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டியவர்களுக்குக் குழாயை எடுப்பது பற்றிப் பேச முடிந்தது.

இன்னும் ஒரு நன்றி, நாங்கள் பார்த்தே இராதவர்களுக்கு. கேமரா வழியாக டால்க் தூவுவதா, படுக்கையிலேயே குழாய் வழியாகக் கரைத்து விடுவதா என்று கண்டறிய பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 330 புற்றுநோயாளிகள் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். 2020இல் அச்சான முடிவின்படி, 90 நாளில் பலிக்காமல் போனது தூவியவர்களில் 22 சதவீதம், கரைத்து விட்டவர்களில் 24 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. மயக்க மருந்தைத் தாங்க முடியாத ஒரு பெரியவரிடம் “உங்களுக்கு ஆபரேஷன் வேண்டாம், குழாய் வழியாகவே மருந்து விடலாம்” என்று இன்று நாங்கள் மனசாரச் சொல்ல முடிவது அவர்களால்தான்.

நன்றியுடன்,
நெஞ்சக அறுவை சிகிச்சைக் குழுவினர்