டோனிங் வந்த வெள்ளி நாணயத்தைக் கழுவலாமா?

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதமும், மோர்கன் டாலர் என்ற அந்தப் பழைய அமெரிக்க வெள்ளி நாணயத்தின் படங்களும் கிடைத்தன. அதில் ஏறியிருக்கும் நிறத்தை, அதாவது டோனிங்கை, "கழுவலாமா?" என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம்.

அந்த நிறம் சாயமல்ல. காற்றிலும் அட்டையிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடு படலமாகிறது. படலத்தின் மேல்பரப்பிலும் அடியிலுள்ள வெள்ளியிலும் பட்டுத் திரும்பும் ஒளிகள் குறுக்கிடுவதால்தான் நிறம் தெரிகிறது. படலம் தடிக்கத் தடிக்க நிறமும் வரிசையாக மாறும்: வெளிர்பொன், செம்பழுப்பு, மெஜந்தா, அடர்நீலம், வெளிர்நீலம். அதன்பின் மறுபடி மஞ்சள், மெஜந்தா, பச்சை. பச்சை முதல் சுற்றில் வராது. கடைசியில் கறுப்புதான்.

உன் நாணயத்தில் விளிம்பு நீலம், உள்ளே மெஜந்தா, அதற்கும் உள்ளே பொன், நடுவில் வெள்ளை. ஓரத்திலிருந்து கந்தகம் ஏறியதற்கு இதுவே சரியான வரிசை. பழைய அட்டை ஆல்பத்தில் இருந்த நாணயங்கள் பலவும் இப்படித்தான் இருக்கும். ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பையில் கட்டி வைத்திருந்த மோர்கன்களில் சிலவற்றில் துணியின் நெசவே பதிந்திருக்கும். நீலத்தை ஒட்டியே வெள்ளை வந்தால், யாரோ செயற்கையாக ஏற்றிய நிறமோ என்று சந்தேகப்படு. ஆனால் இடைநிறங்கள் மயிரிழை அகலத்தில் இருக்கலாம், பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்க்காமல் முடிவு கட்டாதே. எழுத்துகளைச் சுற்றி நிறம் சற்று வெளிறியிருந்தால் நல்ல அறிகுறி. வரிசை சரியாக இருப்பதாலேயே இயற்கை என்றும் ஆகிவிடாது. சூட்டாலும் கந்தக மருந்தாலும் வரிசையைக் கொண்டுவரத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நான் நிறத்தைவிட லஸ்டரை, அதாவது அச்சடித்தபோதே வந்த மினுமினுப்பைத்தான் முதலில் பார்ப்பேன். ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்று. நிறத்தினூடே ஒளிக்கீற்று வண்டிச்சக்கர ஆரம் போல ஓட வேண்டும். ஓடாமல் மங்கிக் கிடந்தால், எவ்வளவு அழகான நீலமானாலும் கூடுதல் விலை தராதே.

பச்சையாகப் பிசுபிசுப்பு இருந்தால் அது டோனிங் அல்ல, பிவிசி பிளாஸ்டிக் உறையின் கழிவு. அதற்குச் சுத்தமான அசிட்டோன் போதும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் நாணயம் மூழ்கும் அளவு ஊற்றிச் சில நிமிடம் வை. புது அசிட்டோனில் இன்னொரு முறை முக்கி, ஓரத்தைப் பிடித்து நிமிர்த்திக் காயவிடு. தேய்க்காதே, துடைக்காதே. ஜன்னலைத் திறந்து வை, பக்கத்தில் நெருப்பு கூடாது. அசிட்டோன் சல்ஃபைடைத் தொடாது; நிறம் கரைந்து வந்தால் யாரோ பூசிய பூச்சு என்று அர்த்தம்.

நாணயத்தை முக்கி நிறத்தைப் போக்க விற்கும், தயோயூரியா என்ற ரசாயனம் கலந்த டிப் திரவத்தை மட்டும் தொடாதே. சல்ஃபைடு போகும்போது அதில் சேர்ந்த வெள்ளியும் போகும். லஸ்டருக்குக் காரணமான நுண்வரிகளும் தேய்ந்துவிடும், திரும்ப வராது. சரியாக அலசாவிட்டால் பழுப்புக் கறை வேறு.

வைப்பதற்குக் காற்றுப்புகாத காப்சூலோ, பிவிசி கலக்காத மைலார் பிளாஸ்டிக் உறையோ போதும். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள். ரப்பர் பேண்டையும் கம்பளித் துணியையும் பக்கத்தில் விடாதே, இரண்டிலும் கந்தகம் உண்டு.

அடுத்த முறை பின்பக்கத்தையும் விளிம்பையும் சாய்த்துப் படமெடுத்து அனுப்பு. ஃபிளாஷ் வேண்டாம்.

அன்புடன்,
ரகு